ஹிஸ்கே கோலை விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு கத்தலில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் ஏதோ ஆழமாக யோசித்து எழுத உட்கார்ந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, சமையலறைச் சன்னலோரம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் உறைந்து கிடந்தது. ஊரே அதன் மேல் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மூன்று பேர், நீளமான ஒரு மூங்கில் கோலை இடுப்பளவில் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் இருந்தவள், "வழி விடுங்கடா, இடிச்சா நான் பொறுப்பில்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். குரலைக் கேட்டதும் கையிலிருந்த தட்டு நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. எதிர்க்கரை வீட்டு ஹிஸ்கே. இரண்டு வருடமாக வாசலைத் தாண்டாத ஹிஸ்கே.

அன்று மத்தியானம் ஏரியில் நடந்ததை அவளும், அவள் கணவன் வொப்கேயும், கூடப் போன இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். நான் நெதர்லாந்தின் வடக்கே இந்த ஃப்ரீஸ்லாந்துக்கு வந்து பாதி ஆயுள் கழிந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் செய்யும் எல்லாவற்றையும் செய்கிறேன், சறுக்குவதைத் தவிர. ஆக, இது சறுக்கத் தெரியாதவன் எழுதும் சறுக்கல் கதை. (தமிழில் சறுக்கல் என்றால் தவறு என்றும் பொருள். இருக்கட்டும், அந்தச் சொல்லை அடித்துவிடவில்லை.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஹிஸ்கேயின் உலகம் மெல்ல மெல்ல இருளில் மூழ்கிக்கொண்டிரு—"

இதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். காபிக் கோப்பையை டொக்கென்று வைத்தாள்.

"இருளா? எங்க இருக்கு இருள்? நான் எப்பவாவது இருட்டா இருக்குன்னு சொன்னேனா?"

சொன்னதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற நோய் அவளுக்கு. ஓரம் தெரியும், நடு தெரியாது. யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரத்துணியால் தேய்த்தது போல ஒரு கறை. சுற்றிலும் தோள், தொப்பி, முடி.

"இப்பக்கூட உன் காது ரெண்டும் தெரியுது. மூஞ்சிய எங்க வச்சுட்டு வந்த?"

இரண்டாம் தொடக்கம்: "பார்வை போனவர்களுக்குச் செவி கூர்மையாகும். ஏரி விரிசல் விடும் ஓசை ஹிஸ்கேயின் காதில்தான் முதலில்—"

இதற்கு அவள் சிரித்தாள். "மந்திரக் காது வச்சுட்டியா எனக்கு? டிவி சத்தத்தக் கூட்டுன்னு தினம் வொப்கேகிட்ட சண்ட போடறவ நான்."

ஏரி விரிசல் விடவும் இல்லை. ஆகவே மூன்றாவது தொடக்கமாக, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

ஹிஸ்கே எங்கள் ஊர்ப் பாலத்தைத் திறந்து மூடும் வேலையில் இருந்தாள். படகு வந்தால் மணியடித்து, சாலைத் தடுப்பை இறக்கி, பாலத்தைத் தூக்கவேண்டும். ஒரு கோடையில், பாலத்தை இறக்கப் பொத்தானில் விரலை வைத்தவளுக்குக் கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "இன்னும் நான் இருக்கேன்!" ஒரு சின்னத் துடுப்புப் படகு. நேர் எதிரில், பட்டப்பகலில். ஹிஸ்கே அதைப் பார்க்கவே இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

(மிகை. எழுந்தாள். சமைத்தாள், கையைச் சுட்டுக்கொண்டாள். வெளியே மட்டும் போகவில்லை.)

வொப்கே நல்லவன். அவள் தட்டில் இருக்கும் இறைச்சியை வெட்டிக் கொடுப்பான், கடிதங்களைப் படித்துச் சொல்வான், படி இறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொள்வான். அவன் நல்லவனாக ஆக ஆக அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து நகரத்தில் பார்வை குறைந்தவர்களுக்கான சங்கம் ஒன்று உண்டு. அங்கே வேலை பார்க்கும் ரின்சே பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வியாழக்கிழமை காபி குடிக்கக் கூடுவோம். வாங்களேன்."

"நான் ஒண்ணும் குருடி இல்ல."

"அதனாலென்ன, கண்ணு தெரிஞ்சவங்களையும் சேத்துக்குவோம். கேக் மட்டும் சின்னத் துண்டா குடுப்போம்."

வைத்துவிட்டாள். சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். மறுபடி வைத்தாள். ஒரு தடவை, அவள் வைப்பதற்குள் அவசர அவசரமாக, "அடுப்புத் திருகுல ஒரு ரப்பர் பொட்டு ஒட்டுங்க, கை சுடாது" என்றான். திட்டிக்கொண்டே வைத்தாள். ஆனால் ஒட்டினாள். அவனிடம் சொல்லவில்லை.

4

தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலை மூடுவதும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. ஏரியின் மேல் கருங்கண்ணாடி போல உறைந்து ஓர் ஊரையே தாங்குகிற அதற்கும் பனி என்றே பெயர் வைத்தால் இந்தக் கதை இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே இனி ஐஸ் என்கிறேன்.

சறுக்கத் தகுந்த ஐஸ் இப்போதெல்லாம் ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. வந்தால், அலுவலகத்தில் ஆள் இருக்காது. ஜென்மப் பகையாளிகள் ஒரே குடுவையிலிருந்து பட்டாணி சூப் குடிப்பார்கள். போன குளிர்காலத்தில் அந்த ஐஸ் வந்தது.

தோட்டத்துக் கொட்டகையில் வொப்கே தன் ஸ்கேட்டுகளின், அதாவது அடியில் கத்தி வைத்த சறுக்குக் காலணிகளின், கத்தியைத் தீட்டினான். சத்தம் மனைவிக்குக் கேட்டுவிடக்கூடாது என்று ரேடியோவை உரக்க வைத்தான். கொட்டகையில் அவன் ரேடியோ வைப்பதே இல்லை. மாட்டிக்கொண்டது அதனால்தான். ஹிஸ்கே செருப்போடு வந்து வாசலில் நின்றாள்.

"எனக்கும் சேத்துத் தீட்டு."

"விளையாடாத ஹிஸ்கே."

"என்னோடது மேல் தட்டுல இருக்கு. எடு."

"விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா?"

"அப்ப நீயும் கூட வா."

"வரேன். கையப் புடிச்சுக்கறேன். கரையோரமா, மெதுவா..."

"முட்டையத் தூக்கிட்டுப் போற மாதிரியா? ஒண்ணும் வேண்டாம், போ."

உள்ளே போய், தானாகவே முதல்முறையாக, ரின்சேயைக் கூப்பிட்டாள்.

"உங்க ஆளுங்க ஐஸ்ல போவாங்களா?"

"எங்க ஆளுங்க எல்லாம் இப்ப பெஞ்சுல உக்காந்து ஸ்கேட்டுக்குக் கயிறு கட்டிட்டிருக்காங்க. உங்கள எங்க வந்து கூட்டிக்கணும்?"

5

மூங்கில் கோல் ஒன்று. முன்னால் யில்டா. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள், சங்கத்துக்குச் சும்மா வந்து உதவுகிறவள். அன்று பல் வலி என்று ஒருவரும் வரவில்லையாம், மருத்துவரே ஐஸில்தான் இருந்தாராம். நடுவில் ஹிஸ்கே.

"பின்னாடி யாரு?"

"நான்தான்," என்றான் ரின்சே.

"நீயா? உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!"

"பின்னாடி நிக்கறவனுக்கு என்ன தெரியணும்? விழுந்தா மூணு பேரும் ஒண்ணா விழுவோம். குடும்பம் மாதிரி."

முதல் சில தள்ளலுக்கு அவள் கால்கள் நடுங்கின. யில்டா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். "இடப்பக்கம் பிளவு... இப்ப வழவழப்பு... முன்னாடி ஒரு மாமா புட்டத்துல விழுந்து கிடக்காரு, வலப்பக்கமா போறோம்... குனிங்க, பாலம்!" தான் தூக்கி இறக்கிய பாலத்துக்கு அடியில் ஹிஸ்கே குனிந்து போனாள். நிமிர்ந்தபோது கால்கள் நடுங்கவில்லை. என் சன்னலைக் கடந்தபோது கத்தியது அதற்குப் பிறகுதான்.

6

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ரின்சே. கோபமே வராமல், எதற்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டு இருக்கிறான். அப்படி ஓர் ஆள் இருக்கமுடியுமா? அவனிடமே கேட்டேன்.

"எனக்கா கோபம் வராது? பஸ்ல என் கையப் புடிச்சு இழுத்து உக்கார வைக்கறவங்க எல்லாரையும் மனசுல கால்வாய்ல தள்ளிட்டுத்தான் நன்றி சொல்வேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். பிறகு அவன் குரல் மாறியது.

"ஹிஸ்கேக்கு என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். எங்கிட்ட இருந்து எதுவும் போகல, எங்கிட்ட அது இருந்ததே இல்ல. ஆனா அன்னிக்கு அந்தக் கோல் வழியா ஒண்ணு வந்துச்சு. நல்லா சறுக்கறவங்க உடம்பு எப்படிப் போகும்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஒரு தள்ளு. அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அப்பறம் இன்னொரு தள்ளு. அந்த ஒண்ணுமே இல்லாத நேரம் இருக்கே..." நிறுத்தினான். "நான் பேசறத நிறுத்திட்டேன். சங்கத்துல நான் பேசறத நிறுத்தினா ஆம்புலன்ஸத்தான் கூப்பிடுவாங்க."

ரின்சேயை நான் இப்போது நம்புகிறேன்.

7

கால்வாய் முடிந்து ஏரி விரிந்தது. கரையில் ஸ்கேட் சங்கத்தார் ஐஸைச் சோதித்து, போகக்கூடாத இடங்களில் மரக்கிளைகளை நட்டிருந்தார்கள். அன்னங்கள் ராத்திரியெல்லாம் நீந்தி நீந்தி ஓர் இடத்தை உறையவிடாமல் வைத்திருக்கும்; நாணல் புதருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு திறந்த தண்ணீர் இருந்தது. யில்டா அதைச் சொன்னாள். "ஆனா அது ரொம்பத் தள்ளி. இந்தப் பக்கம் பூரா கண்ணாடிதான்."

ஹிஸ்கே ஸ்கேட் நுனியால் ஐஸைத் தட்டிப் பார்த்தாள்.

"கோல விடறேன்."

"என்னது?"

"நீ முன்னாடி போ. பேசிக்கிட்டே போ. உன் வாய் மூடாதுன்னுதான் பாத்தேனே. அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி வரேன்."

யில்டா ரின்சேயைப் பார்த்தாள். பார்த்து என்ன பயன் என்று பிறகுதான் உறைத்ததாம். ரின்சே சொன்னான்: "அவங்கதான் கேக்கறாங்க. நானா, நீயா முடிவு பண்றது?"

கோலோடு ரின்சே அங்கேயே நின்றுகொண்டான். ஹிஸ்கே கைகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குனிந்தாள். போனாள்.

அதை எழுத எனக்கு வராது. வந்தவரை சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெண் தன் பெண்மையையோ வயதையோ—

(இல்லை. வேண்டாம்.)

அவள் போனாள், அவ்வளவுதான். நீளமாக, சோம்பலாக, ஒவ்வொரு தள்ளலுக்கும் ஏரியின் ஒரு துண்டு பின்னால் போயிற்று. ஏரியில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். முன்னால் ஒருத்தி திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டு போவதையும், பின்னால் ஒருத்தி எதையும் பார்க்காத முகத்தோடு வருவதையும் அவர்கள் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தாமாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஒரு பெரிய வீதி திறந்தது. பேச்சு அடங்கியது. ஸ்கேட் சத்தம் அடங்கியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்களாம். வொப்கேயும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான், வீட்டிலிருந்தே பின்தொடர்ந்து வந்து ஒளிந்து நின்றவன். "நாப்பது வருஷமா பாத்த முதுகு," என்றான் என்னிடம். "மறந்து போயிருந்தேன்."

யில்டாவும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்றுபோயிற்று.

ஹிஸ்கே இன்னும் சில தள்ளல் போனாள். பிறகு ஐஸ் தூள் பறக்க ஸ்கேட் கத்தியைக் குறுக்கே வைத்து நின்றாள். தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில். ஓரப் பார்வையிலும் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. சத்தம் இல்லை. ஆள் இல்லை. எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியவில்லை. அன்னங்கள் திறந்து வைத்த தண்ணீர் எந்தப் பக்கம்? ஓர் அடி எடுத்துவைத்தால் எங்கே போவோம்?

அவளைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் பிரமிப்பு. அந்தப் பிரமிப்பின் நடுவே அவள் தனியாக நின்றாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள். பிறகு, பாலத்தின் மேல் நின்று படகுக்காரர்களை அதட்டிய அதே குரலில்: "பேசித் தொலைங்களேண்டா!"

8

கதைக்குப் பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வொப்கே ஓடிவந்து அணைத்துக்கொள்கிறான். ஹிஸ்கே அதை அடிக்கச் சொன்னாள். "அவனுக்கு அவ்வளவு வேகமா சறுக்க வராது." இன்னொன்றில் அவள் விழுகிறாள், எல்லோரும் தூக்குகிறார்கள். அதை ரின்சே அடிக்கச் சொன்னான், காரணம் சொல்லவில்லை.

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் வாயைத் திறந்தார். இன்னொருவர் ஐஸைக் காலால் உதைத்தார். பிறகு ஏரி முழுவதும் இரைச்சல்: பெயர்கள், சீட்டி, "இங்க இருக்கோம், இங்க இருக்கோம்!", ஒரு குழந்தையின் அழுகை. அந்த இரைச்சலுக்குள் ஹிஸ்கேக்கு ஏரி திரும்ப வந்தது. எது கரை, எது கூட்டம், எந்தப் பக்கம் எவரும் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்று. வெறுமையான பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சறுக்கி வந்தாள். வந்த வேகத்தில் சூப் விற்றவரின் மேஜையை இடித்தாள். இப்போது வியாழக்கிழமைகளில் காபி குடிக்கப் போகிறாள்; வெள்ளைக்கோல் பழகுகிறாள், அதைப் பழக்குகிறவர்களோடு சண்டை போடுகிறாள். வொப்கே இறைச்சி வெட்டுவதை நிறுத்தப் பாடுபடுகிறான்.

தெரியாதது ஒன்றுதான். முதலில் வாயைத் திறந்தது யார்? தன் குரல்தான் என்கிறான் வொப்கே. தன்னுடையது என்கிறாள் யில்டா. இருவருக்கும் முன்னால் தான்தான் என்று சத்தியம் செய்கிறான் ரின்சே. ஹிஸ்கேயிடம் கேட்டேன். "யாரோ ஊர் பேர் தெரியாத ஆளு," என்றாள். "தொண்டையக் கனைச்சாரு. அவ்வளவுதான்."

மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட எனக்கு அரை நிமிடம் போதும். எழுதப்போவதில்லை. அந்த ஆளின் இடத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன். நீங்களும் இவ்வளவு நேரம் வீதி விட்டு ஒதுங்கி, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள்? அவள் கேட்டுவிட்டாள். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கொஞ்சம் தொண்டையைக் கனையுங்கள்.