நான்காம் அறையின் காவல் எலி

நான்காம் அறையின் காவல் எலிக்குக் குடலில் கீரிப்பூச்சி என்று பரிசோதனைத் தாள் வந்ததும் ஹோல்கர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ஓடென்சே நகரின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். வாராவாரம் ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு கரண்டி அழுக்கு மரத்தூளை எடுத்துக் காவல் எலியின் கூண்டில் போடுவார். அறையில் என்ன தொற்று இருந்தாலும் அதற்கும் வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியே சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு நோய் என்றால் எல்லா எலிகளையும் கொன்று அறையையே காலி செய்வார்கள். நானூறு கூண்டு. சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்காக மெரெட்டே என்ற ஆய்வாளர் மூன்று வருடமாக வளர்த்த எலிகள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடணும்," என்றாள் கால்நடை மருத்துவர் போடில். "மெரெட்டேகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஹோல்கர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இரு போடில். அன்னைக்கு ரெண்டு காவல் எலி அனுப்பினோம்ல. இங்கேருந்து ஒண்ணு, புதுசா வந்ததுங்களைத் தனியா வெச்சிருக்கோமே, அங்கேருந்து ஒண்ணு."

"ஆமா, அதுக்கென்ன?"

"பெட்டியில ஒட்டற அறைச் சீட்டைக் காபி நேரத்துலயே எழுதி வெச்சிட்டேன். ரெண்டு பெட்டியும் நடைக்கு வந்தப்புறம்தான் ஒட்டினேன். எதுல எதை ஒட்டினேன்னு இப்ப சத்தியமா தெரியல."

"அறைக்குள்ளேயே ஒட்டணும்னு சுவத்துல எழுதிப் போட்டதே நீதானப்பா."

"நான்தான். என் கையெழுத்தை யாரு படிக்கிறா?"

போடில் சிரிக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது ஹோல்கருக்கு. அந்த எலிகள் என்றைக்காவது சாகிறவைதான். ஆனால் தன் சோம்பலுக்காகச் சாகக் கூடாது.

"டேப்பை எடு," என்றாள் அவள்.

ஹோல்கர் எலியின் வாலைப் பிடித்துத் தூக்க, போடில் அதன் ஆசனவாயில் டேப்பை ஒற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டினாள். கீரிப்பூச்சி முட்டையிடுவது அங்கேதான். கூண்டுக்கு ஒரு எலி.

"ஆறு வருஷம் படிச்சேன், இதுக்குத்தான்," என்றாள் போடில்.

"நான் படிக்காமலே வந்துட்டேன்."

தொற்று இங்கே வந்துவிடாமலிருக்க, நான்காம் அறையை முடித்த பிறகே புது எலிகளிடம் போனார்கள். பிறகு போடில் நுண்ணோக்கியில் குனிந்தாள். நான்காம் அறையின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பார்த்து முடித்தவற்றை ஹோல்கர் எண்ணி அடுக்கினார்.

"ஒண்ணுமில்ல," என்றாள். புது அறைக் கண்ணாடியை வைத்தாள். "ஐயோ, இங்க பாரு. முட்டை மேல முட்டை."

ஹோல்கர் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக, நீள நீளமாக, நிறைய. அவ்வளவு அழகான பூச்சி முட்டையை அவர் பார்த்ததே இல்லை.

"இதுங்க இன்னும் ஆராய்ச்சிக்குள்ள வரல, தீனியில மருந்து கலந்தாப் போதும். ஆனா உன் தப்பை நான் எழுதித்தான் ஆகணும், ஹோல்கர்."

"எழுது. அதையாவது சரியான அறைக்கு எழுது."

இப்போது அவளும் சிரித்தாள். ஹோல்கர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குப் போனார்.