மேட்டின் மேல் ஒரு துணிக்கொடி

1

இந்தக் கதை ஐந்து குண்டூசிகளிலிருந்து வந்தது. ஐந்தும் ஒரு தையல்காரம்மாவின் உதடுகளுக்கு நடுவே இருந்தன.

அவர் வீட்டுப் பின்னறையில், எனக்குத் தைத்த சட்டையைத் தோளில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஊசியாக எடுத்துக் குத்தக் குத்த, வாயில் கிடைத்த இடத்தின் வழியாகத் தன் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் பல வருடங்களாக முள்ளும் கொடியுமாக மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்தார்களாம். அடியில் பார்த்தால் தரை ஒரே மேடும் பள்ளமுமாம். எதை எங்கே வைப்பது என்று திட்டம் போட்டபோது அளவெடுத்ததில் இவர் கோட்டை விட்டாராம். பஸ் ஓட்டுகிற கணவர் எல்லாவற்றையும் மட்டமாக்கிவிடலாம் என்றாராம்.

"கடைசியில மேட்டை மட்டும் எடுக்க விடலைக்கா."

"ஏன்?"

வாயில் இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருந்தது. இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். பின்பக்க ஜன்னலைச் சில நொடிகள் பார்த்தார்.

"காத்துக்கு," என்றார். ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அந்தச் சில நொடிகளுக்குள் என்ன இருந்தது என்பதற்கு நான்தான் பொறுப்பு.

2

தொடக்கம் ஒன்று: "அன்று காலை, வெட்டிச் சாய்த்த முட்புதர்களின் மேல் பனித்துளிகள்—"

வேண்டாம். அவர் பனித்துளியைப் பார்க்கிற ஆள் இல்லை. எதிரே வருகிறவரின் பட்டன் வரிசை கோணலா என்று பார்க்கிற ஆள்.

தொடக்கம் இரண்டு: "மண் என்பது மனித மனத்தின்—"

இது அதைவிட மோசம்.

தொடக்கம் மூன்று: "அவள் தோட்டத்துக்கு அளவெடுத்தாள்."*

சரி, இதற்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

(* நேரில் 'வாங்க, போங்க'தான். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். 'அவர்' என்று எழுதினால் ஓரடி தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது; எனக்கு ஊசியை எண்ணுகிற தூரத்தில் நிற்க வேண்டும்.)

3

அவள் தோட்டத்துக்கு அளவெடுத்தாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற நாடாவை எடுத்து, சமையலறை வாசற்படியில் ஆரம்பித்து, மேட்டின் மேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கி, பள்ளத்துக்குள் அழுத்தி, மறுபடி ஏற்றிப் பின்சுவர்வரை கொண்டுபோனாள். இருபத்தைந்து வருடமாக அவள் அளவெடுப்பது அப்படித்தான். மார்பானாலும் தொந்தியானாலும் நாடா உடம்போடு ஒட்டிப் போக வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டால் தைத்த சட்டை இறுக்கிப் பிடிக்கும். வந்த அளவோடு, பழக்கதோஷத்தில், இரண்டு பக்கமும் தையலுக்கென்று கொஞ்சம் விட்டாள்.

பிறகு வெட்டுமேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, அடிக்கு ஓர் அங்குலம் என்று தோட்டத்தை வரைந்தாள். தக்காளிப் பாத்தி, கீரைப் பாத்தி, எலுமிச்சைக் கன்று, துணிக்கொடி, கணவனின் நாற்காலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கத்தரித்து, ஊசியால் குத்தி, பிடுங்கி, வேறு இடத்தில் குத்தி, மூன்று நாள் அழகு பார்த்தாள். துளி இடம் வீணாகவில்லை. துணியை மிச்சம் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை முளைக்குச்சியும் கயிறுமாக மூன்று பேரும் இறங்கினார்கள். அவள் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல, மகள் குச்சியை ஊன்ற, கணவன் கயிற்றை விறைப்பாகப் பிடித்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போனான்.

"இன்னும் போங்க."

"சுவர் வந்துருச்சு."

"அதெப்படி வரும்? இன்னும் நாலடி இருக்கு."

"நாலடி போனா ரோட்டுல நிப்பேன். உன் தக்காளி பஸ் ரூட்டுலதான் காய்க்கும்."

மகள் நாடாவையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, நாடாவை மேட்டு மேல ஏத்தி இறக்கியா அளந்தே?"

"பின்ன? மேட்டுல ஓட்டை போட்டா அளப்பாங்க?"

"காகிதம் தட்டைம்மா! நேராப் பிடிச்சு அளந்தாத்தானே அதுல சரியா வரும்? நீ என்ன தோட்டத்துக்குச் சட்டையா தைக்கப்போறே?"

கணவன் சிரித்தான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவன் சொன்னான்: "மேடும் பள்ளமும் இருக்கறதாலதானே இந்த வம்பு? சனிக்கிழமை மண் தோண்டுற மெஷினை வரச் சொல்றேன். மொத்தத்தையும் மட்டம் பண்ணிரலாம்."

அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

4

முதலில் எழுதியபோது கணவனை முரடனாக்கினேன். "நான் சொன்னா சொன்னதுதான்!" என்று மேசையைத் தட்ட வைத்தேன். வில்லன் கிடைத்துவிட்டால் எழுதுகிறவளுக்கு வேலை குறைவு. ஆனால் அவன் கைக்கு மேசை தட்டுவது பொருந்தவே இல்லை. இரவல் சட்டை மாதிரி இருந்தது.

ஆள் அப்படிப்பட்டவன் இல்லை. வீட்டில் ஒரு நாளைக்கு அவன் பேசுவது முழுவதையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். மூலையில் கையெழுத்துப் போடவும் இடமிருக்கும். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாள் பூரா குண்டும் குழியும். வீட்டுலயாவது ஒரு நாற்காலி ஆடாம நிக்கட்டும்."

இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? நானே அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஒரு மாலை முழுக்கக் கதை அப்படியே சாய்ந்து கிடந்தது. பிறகு அந்த ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேடு. மேட்டுக்கு அப்பால் சுவர். சுவருக்கு அப்பால் சாலை.

சாலையில் பஸ்.

5

தோட்டம் சுத்தமானதற்கு மறுநாள், சாயங்காலம் நாலு இருபதுக்கு, அவள் துவைத்த படுக்கைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டின் மேல் ஏறினாள். காய்ந்த இடம் அது ஒன்றுதான். இரண்டு கழிகளை ஊன்றிக் கயிற்றைக் கட்டி, விரிப்பைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பின்சுவருக்கு மேலே, சாலைத் திருப்பத்தில் ஒரு பஸ் வேகம் குறைந்து வந்தது. ஓட்டுநர் பக்கம் இவளை நோக்கித் திரும்பியது. உள்ளே அவள் கணவன்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம். அவனை அவன் வேலையில் அவள் பார்த்ததில்லை. அவளுடைய தையல் மெஷின் முன்னறைச் சுவரைப் பார்த்திருக்கிறது. அவனுடைய பஸ் வீட்டுக்குப் பின்னால் போகிறது. நடுவில் முட்புதர்.

அவன் பாடிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்கவில்லை. வாய் அகலத் திறந்து மூடியது. ஒரு கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. எங்கோ உச்சத்துக்குப் போகிற இடத்தில் புருவம் ஏறி இறங்கியது. வீட்டில் குளிக்கும்போதுகூட முணுமுணுக்காத ஆள்! பஸ் திரும்பிப் போய்விட்டது. ஈர விரிப்பைப் பிடித்தபடி அவள் நின்றாள். கல்யாணமான புதிதில்கூட வராத வெட்கம் முகத்தில் ஏறியது. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. இருக்கட்டும்.)

அன்றிலிருந்து தினமும் நாலு இருபதுக்கு எதையாவது உலர்த்த வேண்டியிருந்தது.

"ஏம்மா," என்றாள் மகள், "காய்ஞ்ச துண்டை எதுக்குத் திரும்பவும் காயப்போடறே?"

6

சிக்கல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாளே திருப்பத்தில் அவன் வாயை இறுக மூடிக்கொள்வான். ஆள் பார்க்கிறது என்று தெரிந்து பாடுகிற ரகம் இல்லை. சொல்லாவிட்டால் சனிக்கிழமை மெஷின் மேட்டை வாரிக்கொண்டு போய்விடும். பாட்டு இருக்கும், பார்க்க இடம் இருக்காது.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். அவன் கண் கலங்குகிறது. அவள் கையைப் பற்றிக்கொண்டு அவன்— எழுதும்போதே எனக்குக் கூச்சம் வந்துவிட்டது.

முடிவு ஆ: சொல்லவில்லை. மேடு போகிறது. தினமும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டு ஏறுகிறாள். துண்டுக்கே கேள்வி கேட்ட மகள் ஸ்டூலுக்குச் சும்மா விடுவாளா?

முடிவு இ: மெஷின் பழுதாகிறது. இது ஏமாற்று வேலை.

இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். எனக்கு ஏன் அந்த மேடு போகக் கூடாது என்று இவ்வளவு பிடிவாதம்? கூடவே வாழ்கிறவர்களின் முகங்களில் நமக்கென்று வைத்திருக்கும் ஒன்றைத்தான் பார்க்கிறோம். மற்றதைப் பார்க்க ஒரு மூன்றடி உயரம் வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படி ஒரு மேடு வாய்க்கவில்லை. பொறாமை என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு வழி தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. தொழில் தெரிந்தவள் அல்லவா?

7

வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்தாள்.

"இங்க பாருங்க. நான் அளந்தது தப்பில்ல. அதைத் தட்டையா வரைஞ்சதுதான் தப்பு."

அவன் டீயை ஓரமாக நகர்த்தினான்.

"ஒருத்தர் உடம்பு மேடும் பள்ளமுமா இருக்குன்னா உடம்பையா இழைப்புளி போட்டு இழைப்பாங்க? துணியைத்தானே மடிப்பாங்க?"

மேடு வரும் இடத்தில் காகிதத்தை இரண்டு விரலால் கிள்ளி மடித்து ஓர் ஊசி குத்தினாள். எதிர்ப்பக்கம் இன்னொரு மடிப்பு. பிறகு குறுக்கே ஒன்று. தட்டையாகக் கிடந்த காகிதம் மெல்லப் புடைத்து எழுந்தது. சாலையில் போய் நின்ற அந்த நாலடியும் மடிப்புகளுக்குள் போய் மறைந்துவிட்டது. தக்காளிப் பாத்தி சுவருக்கு இந்தப் பக்கம் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

"பள்ளத்தை மட்டும் நிரப்பச் சொல்லுங்க. அங்க உங்க நாற்காலி. ஆடாது, நான் பொறுப்பு. மேட்டுச் சரிவுல படிப்படியா தக்காளி. உச்சியில துணிக்கொடி."

"கொடி எதுக்கு உச்சியில?"

"காத்துக்கு."

(இங்கே என் வாயிலிருந்த ஊசிகளையும் ஒரு கணம் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.)

அவன் காகித மேட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். டீயைக் குடித்து முடித்தான். "சரி. அரை நாள் வேலைதான்னு மெஷின்காரர்கிட்ட சொல்லிடறேன். பள்ளத்துக்கு வெளியில இருந்து மண் கொண்டாந்து கொட்டட்டும்."

"அப்பா," என்றாள் மகள், "ஒரே மூச்சுல இவ்வளவு பேசிட்டீங்க. தண்ணி வேணுமா?"

8

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நான் முடித்தும் விட்டேன். ஆனால் சனிக்கிழமை பள்ளம் நிரம்பி, மெஷின் போன பிறகு, அவன் இரண்டு இரும்புக் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். நான் ஏறச் சொல்லவில்லை.

கம்பங்களை நட்டுவிட்டு, "இங்க வந்து நில்லு," என்றான்.

"எதுக்கு?"

"கொடி உயரம் பார்க்கணும்."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அவன் கயிற்றை அவள் தலைக்கு மேலே பிடித்தான். இறக்கினான். தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்சம் ஏற்றினான். கடைசியில் அவள் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே வைத்து முடிச்சுப் போட்டான். இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளுக்கு ஒருவர் அளவெடுத்தது அன்றுதான்.

"இவ்வளவு தாழ்வா கட்டினா விரிப்பு தரையில புரளுமே?"

"ரெண்டா மடிச்சுப் போடு."

இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அது ஆடவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். பஸ் ஓட்டத் தெரிந்தவனுக்குக் கொடி கட்டத் தெரிய வேண்டும் என்று கட்டாயமா? அல்லது, பஸ் கண்ணாடி பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு முதல் நாளே விரிப்புக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்திருந்தால்? இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பாட்டு யாருக்கு?

9

சட்டையை வாங்கிக்கொள்ள நான் போனபோது நாலேகால். கனகச்சிதமாகத் தைத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் இருங்கக்கா, துணியை எடுத்துட்டு வந்துடறேன்," என்று ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். துணி எடுக்கப் போகிறவருக்குத் துண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பின்பக்க ஜன்னலில் நின்றேன். மேட்டின் மேல் அவர் முதுகு. கொடி எந்த உயரத்தில் கட்டியிருந்தது என்று பார்த்துக்கொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. சுவருக்கு அப்பால் ஒரு பஸ் வேகம் குறைந்து திரும்புகிற சத்தம் கேட்டது. நான் நின்ற இடம் தாழ்வு. சுவரும் ஒரு துண்டு வானமும்தான் எனக்குத் தெரிந்தன.

நீங்கள் என்னைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்கிறீர்கள். சீக்கிரம், பஸ் திரும்புவதற்குள் பார்த்துச் சொல்லுங்கள்: வாய் அசைகிறதா?