நாற்பத்து நான்காவது உறை

ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸாக இருந்தவளுக்கு வீட்டில் பெயர் சின்னவள். அவள் அக்கா பெரியவள். பெண்கள் இரண்டே பேர் என்பதால் அப்பா அதற்கு மேல் மெனக்கெடவில்லை. அக்காவைக் கட்டிய அத்தானும் நாளடைவில் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டார்.

சின்னவளின் வேலை உறை பிரிப்பது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகும் ஒரு நோய்க்குப் புது மாத்திரை வந்திருந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு புது மாத்திரை. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் கேட்டு வாங்கக் கூடாது. கணக்குப்புலி என்று எல்லோரும் கூப்பிடும் புள்ளியியல்காரர் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டு, இருநூறு உறைகளில் சீட்டு வைத்து ஒட்டி, வரிசை எண் எழுதிக் கொடுத்திருந்தார். வருகிறவர் பெயரைப் பதிந்ததும் அடுத்த எண் உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே 'பழையது' என்றிருக்கும், அல்லது 'புதியது' என்றிருக்கும்.

புதியது வந்தால் நோயாளிகள் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். பழையது வந்தால் முகம் தொங்கிப் போய்ச் செருப்பைத் தேடுவார்கள். அவர்களை உட்கார வைத்து அவள் ஒரு பாடம் ஒப்பிப்பாள். புதுசுதான் நல்லது என்று முன்பே தெரிந்திருந்தால் எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டோமா, தெரியாததால்தானே குலுக்கிப் பார்க்கிறோம் என்பாள். நல்ல பாடம்தான், ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். புதுசு நல்லதாக இல்லாவிட்டால் இத்தனை படித்தவர்கள் இத்தனை வருஷம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவள் கட்சி.

அதே நோய் பெரியவளுக்கு வந்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு தலை வாரும்போது வாங்கியது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தால் பத்தடி நடப்பதற்குள் இறக்கிவிட வேண்டியிருந்தது. தலைமை டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சொந்தக்காரி என்பதால் உறையைச் சின்னவள் தொட வேண்டாம், கூட இருக்கும் நர்ஸ் பிரிக்கட்டும் என்றும் சொன்னார். சின்னவள் தலையாட்டினாள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவளுக்கு இரண்டும் ஆடின. அக்காவின் பெயரைப் பதிய வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அலமாரியைத் திறந்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது. உறைக்குள் கணக்குப்புலி கறுப்புத் தாள் மடித்து வைத்திருந்தார், பாவம். எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியின் வெளிச்சத்துக்கு முன்னால் அந்தத் தாள் எம்மாத்திரம்? அடுத்துப் பிரிய வேண்டிய நாற்பத்து மூன்றில் 'பழையது' என்று மங்கலாகத் தெரிந்தது. நாற்பத்து நான்கில் 'புதியது'. இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினாள். உறையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, ஆளை மாற்றினால் போதும்.

மறுநாள் முதல் ஆளாக வந்தது பெரியவள். அவளுக்குப் பின்னால் ஆராய்ச்சியில் சேர ஒரு லாரி டிரைவர் வந்தார். சின்னவள் அக்காவிடம் போய், கொடுத்த ரத்தம் பரிசோதனைக்குப் போதவில்லையாம், இன்னொரு தடவை கொடு என்று பச்சையாகப் பொய் சொன்னாள். ஏற்கெனவே கன்றிப்போயிருந்த கையைப் பெரியவள் மறுபேச்சில்லாமல் நீட்டினாள். குத்தும்போது தங்கையைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். அவள் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் டிரைவரின் பெயர் பதிவாகிவிட்டது. உறை பிரிந்தது.

"எனக்கு வண்டியும் பழசு, வீட்டுக்காரியும் பழசு, மருந்து மட்டும் புதுசா கிடைச்சிடுமா?" என்றார் டிரைவர்.

சின்னவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அடுத்த உறை பெரியவளுக்குப் பிரிந்தது. அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குற்ற உணர்வெல்லாம் அன்று அவளுக்கு வரவில்லை. வந்தது என்று சொன்னால் அது கதைக்காகச் சொன்னதாக இருக்கும்.

மூன்றாம் மாதம் பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டது. இருந்த கொஞ்ச நஞ்ச நுரையீரலும் வீங்கியது. நோய் முற்றுகிறது, மாத்திரை மட்டும் இல்லாவிட்டால் இதற்குள் என்ன ஆகியிருக்குமோ என்று சின்னவள் அத்தானைத் தேற்றினாள். வேளை தவறாமல் தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தாள். ஐந்தாம் மாதம் பெரியவள் போய்விட்டாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மேற்பார்வைக் குழு கணக்கைப் பிரித்துப் பார்த்தது. பார்த்த அன்றே ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னது. பழைய சிகிச்சையில் இருந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செத்திருந்தார்கள், புது மாத்திரை சாப்பிட்டவர்கள். குலுக்கிப் போட்டதால்தான் இது தெரிந்தது, இல்லாவிட்டால் நோயின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஊருக்கே கொடுத்திருப்போம் என்று தலைமை டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். சின்னவளுக்கு அவள் தினமும் ஒப்பித்த பாடம் அப்போதுதான் புரிந்தது.

இரண்டு நாள் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் நடந்ததை ஒரு தாளில் எழுதித் தலைமை டாக்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வேலை போகும் என்றார். அவள் தெரியும் என்றாள்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

அத்தான் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடையின் கையை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆராய்ச்சி நின்றுபோன செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதமாக வந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"லெட்டரைப் படிச்சதும் யாரையாவது போய் அடிக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், யாரை அடிக்கிறது? யாரும் அவளுக்குன்னு பாத்துக் கொடுக்கலையே. குலுக்கல்ல விழுந்தது. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா இருக்கு."

அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று சின்னவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. இருக்கிற ஒரே ஆறுதலையும் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? ஆனால் நாளைக்கு அந்தத் தாள் குழுவுக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு கடிதம் இந்த வீட்டுக்கு வரும்.

"அது குலுக்கல்ல விழல அத்தான். நான்தான் அவளுக்குன்னு பாத்துக் கொடுத்தேன்."

அவள் எதையும் விடாமல் சொன்னாள். இரண்டாவது ஊசியையும் சொன்னாள். அவர் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"அவளுக்கு வர வேண்டியதை வாங்கிக்கிட்ட அந்த ஆளு?"

"இருக்கார். இப்பவும் வண்டி ஓட்டுறார்."

அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அவளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது."

"தெரியாமலே போனா. நல்லதாப் போச்சு" என்றார். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கிளம்பு, சின்னவளே. பசங்க வர்ற நேரம். உன்னைப் பாத்தா சித்தின்னு ஓடி வந்து கட்டிக்குவாங்க. அதைப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். பள்ளிப் பேருந்து தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தாள்.