தங்கச்சிக்குச் சம்மதம்

குழிக்குள் நின்று தலைமாட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள் கொத்தனாரம்மா. சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தாள். கரண்டியில் கலவையை அள்ளி அடித்து, கட்டையால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி தேய்த்தாள்.

"செத்தவங்க என்ன, சுவத்துல சாஞ்சு உக்காந்து கதையா பேசப் போறாங்க? இவ்வளவு மழமழன்னு எதுக்கு?" என்றான் மேலே குந்தியிருந்த குழிவெட்டி.

"வாயை மூடிக்கிட்டு கலவையைக் குடு."

"நானும் எத்தனையோ பேரை இறக்கியிருக்கேன் கொத்தனாரம்மா. ஒருத்தரும் எந்திரிச்சு வந்து பூச்சு சரியில்லன்னு சொன்னதில்ல."

"என் அக்கா சொல்லுவா. எதுலயும் குறை கண்டுபிடிக்கிற பொம்பள."

அவன் சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கினான். அவள் சிரிக்கவில்லை. நேற்று மத்தியானம் செத்தவள் அவளுடைய அக்கா. கல்லூரியிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். கொத்தனாரம்மா சொம்போடு வருவதற்குள் தலை கதவில் சாய்ந்திருந்தது. புத்தகப்பை தோளிலேயே தொங்கியது. அழுகை இன்னும் வரவில்லை. வேலைதான் வந்தது. அக்காவை நடுவீட்டில் கிடத்திவிட்டு, அழ வந்த பெண்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் குழி வெட்டியாயிற்று. இருட்டுவதற்குள் நாலு பக்கமும் செங்கல் வைத்தாயிற்று.

நீளம் அளக்க நாடா தேவைப்படவில்லை. வெட்டி முடித்ததும் அவளே இறங்கி மல்லாந்து படுத்துப் பார்த்தாள். குழிவெட்டி பதறிப்போய், "எந்திரிங்கம்மா, ஆகாத காரியம்" என்று கத்தினான். அவள் கால் விரலை நீட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். "நானும் அவளும் ஒரே அளவு. ஒரு பாவாடையை மாத்தி மாத்திக் கட்டினவங்க."

குழிக்கு இடது பக்கம் அம்மாவைப் புதைத்த மேடு. அம்மா செத்தபோது அக்கா வர முடியவில்லை. கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போனவள், அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் தரை துடைக்கும் வேலையில் இருந்தாள். லீவு தரமாட்டேன் என்றார்களாம். போனில் அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா பக்கத்துல எனக்கொரு எடம் விட்டு வைடி. வாழுறப்போதான் அவ பக்கத்துல இருக்கக் குடுத்து வைக்கல. செத்த பிறகாவது வந்து படுத்துக்கிறேன்."

கொத்தனாரம்மா விட்டு வைத்தாள். நாலு மூலைக்கும் கல் நட்டு வைத்தாள். அந்த இடத்தைக் கேட்டு வந்தவர்களிடம் வாய்ச்சண்டையிலிருந்து கைச்சண்டை வரை போனாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து புருஷன் செத்தபோது, "இங்க இவ்வளவு எடம் கிடக்கே, இவனை ஏன் சுவரோரம் கொண்டு போற?" என்று புருஷன் வீட்டார் கேட்டார்கள். "அது என் அக்கா எடம்" என்றாள். கட்டின புருஷனைச் சாக்கடைச் சுவரோரம் புதைத்தவள் என்று இன்றைக்கும் அவர்கள் அவளோடு பேசுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா வந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் தனிக் குடித்தனம் போய்விட்டான். தலை முழுக்க வெள்ளை. ஒரே ஒரு பெட்டி. வந்த அன்றைக்கே, "நான் படிக்கப் போறேன்டி" என்றாள். இங்கே மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த செவிலியர் உதவிப் படிப்பு. வயது பார்ப்பதில்லை. அங்கே இருந்தபோதே விசாரித்து வைத்திருந்தாள். "அங்க படிச்சா அவங்க பாஷையில படிக்கணும். துடைக்கிறதுக்கு அந்த பாஷை போதும். படிக்கிறதுக்கு நம்ம பாஷைதான் வேணும்."

"இந்த வயசுல படிச்சு யாருக்கு ஊசி போடப் போற?"

"உனக்குத்தான். பின்பக்கத்துல, வலிக்கிற மாதிரி."

படிப்பெல்லாம் ஒரு சாக்கு, எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று வேலை செய்யும் இடமெல்லாம் சொல்லித் திரிந்தாள் கொத்தனாரம்மா. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. வேலை முடிந்து அவள் குளித்துவிட்டு வந்ததும், அக்கா புத்தகத்தை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். ரவிக்கையை ஒதுக்கச் சொல்லித் தங்கையின் தோளை அமுக்கி அமுக்கிப் பாடம் படிப்பாள். "இது காறை எலும்பு. இது தோள்பட்டை. கையைத் தூக்குடி... ம், இந்தத் தசைதான். என் கையில தேடினா கொழுப்புதான் கிடைக்குது. உன் உடம்புல எல்லாம் தனித்தனியாத் தெரியுது." கூச்சத்தில் கொத்தனாரம்மா நெளிவாள். ஆனால் எழுந்து போக மாட்டாள். கல்லும் மண்ணும் சுமந்த தோளை அதற்கு முன் யாரும் அவ்வளவு பக்குவமாய்த் தொட்டதில்லை.

"அம்மா!"

நிமிர்ந்தாள். மேலே அவள் மகள் நின்றிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"காலேஜ்லேருந்து வந்திருக்காங்க. நீ வா."

"வந்தா உக்கார வச்சு டீ குடு. இந்த மூலை ஒண்ணு பாக்கி."

"வேன் கொண்டு வந்திருக்காங்கம்மா."

"வேன் எதுக்கு? தூக்குறதுக்கு ஆளா இல்ல நம்மகிட்ட?"

மகள் அம்மாச்சியின் மேட்டைப் பார்த்தாள். கொத்தனாரம்மா மூலையை முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

வீட்டு வாசலில் வெள்ளை வேன் நின்றது. உள்ளே கல்லூரி டாக்டரம்மா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்காவோடு படித்த பெண்பிள்ளைகள் மூன்று பேர், சீருடையில், அழுது வீங்கிய முகத்தோடு. அவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தி கொத்தனாரம்மாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்தத் தோளா? எங்க சீனியர் உங்க தோளைப் பத்தித்தான் பேசுவாங்க. பரீட்சையில தசைப் பேரு மறந்தா, தங்கச்சி சட்டி தூக்குறதை நினைச்சுக்குவேன்பாங்க." வகுப்பில் வயதில் மூத்தவள் என்பதால் அக்காவுக்கு அவர்கள் வைத்த பேர் சீனியர்.

கொத்தனாரம்மா சிமெண்டு காய்ந்த கையால் அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள்.

டாக்டரம்மா கிட்டே வந்தார். "அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா வெயில் ஏறுது. தாமதமானா உடம்பு எங்களுக்கு உதவாமப் போயிடும். நீங்க தயார்னா எடுத்துக்கிறோம்."

"எங்க எடுத்துக்கிறீங்க?"

டாக்டரம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"காலேஜுக்கு. உங்க அக்கா தன் உடம்பைப் பிள்ளைங்க படிக்கிறதுக்குக் குடுத்திருக்காங்க. நான் கேட்டேன், வீட்ல சொல்லிட்டீங்களான்னு. தங்கச்சிக்குச் சம்மதம், அவ என்னைவிடத் தைரியசாலின்னு சொன்னாங்க."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். வெளியே யாரோ பீடியை நசுக்கும் சத்தம் கேட்டது. கொத்தனாரம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா..."

"தெரியுமா தெரியாதா?"

"பெரியம்மாதான் சொல்லாதன்னாங்க. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. அவங்களே உங்கிட்டப் பக்குவமாச் சொல்றேன்னாங்கம்மா."

"எப்போ சொல்றேன்னா?"

"பரீட்சை முடிஞ்சதும்."

மகள் போனை நீட்டினாள். அந்தப் பக்கம் அக்கா மகன் காத்திருந்தான். "சித்தி, அம்மா இங்க இருக்கும்போதே முடிவு பண்ணினதுதான். அதுக்காகவும்தானே அங்க வந்தாங்க. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே?" பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. கொத்தனாரம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, எப்படி அணைப்பது என்று தெரியாமல், அப்படியே அலமாரியில் வைத்தாள். அதிலிருந்து "சித்தி, சித்தி" என்ற சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

அப்போ எனக்காக வரவில்லை. அந்த ஊரில் அறுக்கக் கொடுக்க முடியாதா என்ன, இங்கே வந்து என் வீட்டுச் சோற்றைத் தின்று, என் பக்கத்தில் படுத்து, என் உடம்பையே தடவிப் பாடம் படித்து...

"நான் வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டாள்.

"போயிடுவோம்" என்றார் டாக்டரம்மா உடனே. "அவங்க எழுதிக் குடுத்திருந்தாலும் சொந்தக்காரங்க மறுத்தா நாங்க தொட மாட்டோம்."

கண்ணாடிக்காரி மெல்லச் சொன்னாள். "முதல் தடவை உடம்பு அறுக்கிற ஹாலுக்குள்ள போனப்போ நாங்க எல்லாம் வாந்தி எடுத்துட்டோம். சீனியர் மட்டும் கிட்டப் போய் நின்னாங்க. மேசையில இருந்தது யாருமில்லாத ஒரு பொம்பள. ரோட்ல கிடந்ததைக் கொண்டு வந்ததாம். சீனியர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, இந்த அம்மாவைக் கேட்டு எடுத்தாங்களாடி, கேக்காம எடுத்தாங்களான்னாங்க. வெளிநாட்டுல அவங்க வேலை பார்த்த காலேஜ்ல, தானா எழுதிக் குடுத்தவங்க உடம்புதான் வருமாம். மனசோட குடுத்த ஒண்ணாவது இங்க இருக்கட்டும்னு சொன்னாங்க."

"மனசோட" என்றாள் கொத்தனாரம்மா. "ரோட்ல கிடந்தவளைக் கேட்டாங்களான்னு கவலைப்பட்டாளா? வீட்ல கிடந்தவளைக் கேட்டாளாமா?"

கண்ணாடிக்காரி பக்கம் திரும்பினாள்.

"உங்க கையாலதான் அறுப்பீங்களா?"

அந்தப் பெண் உடைந்து அழுதாள். டாக்டரம்மாதான் பதில் சொன்னார். "இவங்க இல்ல. அடுத்த வருஷம் புதுசா வர்றவங்க. பேரு கூடச் சொல்ல மாட்டோம்."

"முடிஞ்சதும் மிச்சத்தைக் குடுப்பீங்களா? ஒரு கூடை எலும்பானாலும் போதும். எடம் இருக்கு. கட்டி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "எலும்பையும் காலேஜ்லயே வைக்கணும்னு கேட்டிருக்காங்க. கோத்து நிறுத்தி வைப்போம். வகுப்புல."

"நிக்க வச்சு."

"ஆமா."

கொத்தனாரம்மா அக்காவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த துணியைக் கழுத்துக்குக் கீழே விலக்கி, தோளைத் தொட்டாள். கொழுப்புதான். அமுக்கித் தேடியதும் எலும்பு தட்டுப்பட்டது. கழுத்துக் குழியிலிருந்து தோள்முனை வரைக்கும் அதை விரலால் தடவிக்கொண்டே போனாள். அவள் விரல் போன இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் சிமெண்டுக் கோடு விழுந்தது. மகள் ஈரத்துணி எடுத்து வர, "விடு" என்றாள்.

அக்காவின் காதோரம் குனிந்தாள். "களவாணி" என்றாள். பக்கத்தில் இருந்த மகளுக்கு மட்டும்தான் கேட்டது.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. புருஷன் வீட்டாரில் ஒரு கிழவர், அத்தனை வருஷம் பேசாதவர், இன்றைக்குப் பேசினார். "அந்த எடத்துக்காகத்தானே என் தம்பியைச் சாக்கடையோரம் போட்ட? இப்ப என்ன, இந்தம்மா உங்கிட்டக் கேக்காமலே போறாளாமே? உனக்குச் சொல்லவே இல்லையாமே?"

கொத்தனாரம்மா எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகினாள். கிழவரைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்து, வாசல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சா. எனக்குச் சம்மதம்தான். திடீர்னு வந்து நின்னதுல புத்தி கலங்கிப் போச்சு. எடுத்துட்டுப் போங்க."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தூக்கும்போது தலைப்பக்கம் அவளே பிடித்தாள். வேனுக்குள் வழுக்காமல் ஏற்றுவது எப்படி என்று கல்லூரி ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கதவு சாத்தியதும் பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். வேன் திரும்பும் வரை நின்றாள். பிறகு புத்தகப்பையை எடுத்து வந்து கண்ணாடிக்காரியிடம் கொடுத்தாள். "இதையும் கொண்டு போ. இங்க யாரு படிக்கப் போறா."

வெயில் சாய்ந்த பிறகு இடுகாட்டுக்குப் போனாள். குழிவெட்டி மண்குவியலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் துண்டை உதறி எழுந்தான்.

"என்ன தனியா வர்றீங்க? எப்ப வருது?"

"வரல."

"நாளைக்கா?"

"வரலப்பா. அவ வேற எடம் பார்த்துக்கிட்டா."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ மூடிடவா? திறந்து போட்டா நாய் விழும்."

"மூடாத. மேல பலகை போட்டுக்கலாம்."

ஓரத்தில் கிடந்த வாளியை எடுத்துப் போய்க் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்தாள். குழி விளிம்பில் குந்தி, காலையில் பூசிய சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இறுகியிருந்தது. ஆனால் தலைமாட்டு மூலையில் வெயில் பட்ட இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"யாரும் வரலங்கிறீங்க. அப்புறம் எதுக்குத் தண்ணி?" என்றான் குழிவெட்டி.

"பச்சைப் பூச்சு. தண்ணி காட்டலன்னா உதிர்ந்துடும்."

கையில் அள்ளி அள்ளிச் சுவரில் தெளித்தாள். சாம்பல் நிறம் இருண்டது. தண்ணீர் நாலு சுவரிலும் இறங்கி, கால்மாட்டில், நேற்று அவள் விரல் நீட்டித் தொட்ட இடத்தில் வந்து தேங்கியது. வாளி காலியானதும் எழுந்து மறுபடி குழாயடிக்குப் போனாள்.