அம்மாவாக நடப்பவர்கள்

அம்மா மன்னிப்புக் கேட்டதால்தான் அவள் விமானம் ஏறினாள். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் ஏறியிருக்க மாட்டாள்.

நாலு வயதில் அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரித் துணி வெளுக்க வெளிநாடு போனவள் அம்மா. ஸ்கூல் ஃபீஸ் வந்தது, காலேஜ் ஃபீஸ் வந்தது, அம்மா வரவில்லை. வம்சத்திலேயே முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கிய அன்றும் ஃபோன்தான் வந்தது. ரிட்டயர் ஆனால் வந்துதானே தீரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரிட்டயர் ஆன அம்மா அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். நம் ஊரிலிருந்து போய் வயதானவர்களுக்கு மட்டுமான சின்னக் குடியிருப்பு. நீச்சல்குளம் உண்டு, நடைபாதை உண்டு, பிள்ளைகுட்டிகளுக்கு இடம் கிடையாது.

"இங்க எல்லாரும் சுறுசுறுப்பா இருக்கோம்" என்றாள் அம்மா.

"நல்லா இருங்க" என்று ஃபோனை வைத்தவள், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் எடுக்கவேயில்லை.

காய்ச்சலில் தனியாகக் கிடந்த ஒருநாள், மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவளே கூப்பிட்டாள். எடுத்த குரல் கொஞ்ச நேரம் தயங்கியது. தொண்டை கட்டியிருக்கிறது என்றது. கஷாயம் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை, தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வாராவாரம் பேசினார்கள். இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை. ஒருநாள் அவள் கேட்டே விட்டாள், என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று.

"தப்புதான் கண்ணு. உன்னத் தூக்கிட்டே போயிருக்கணும். மன்னிச்சிரு."

மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தாள். போகவேண்டியது, அம்மாவைக் கையோடு கூட்டிவரவேண்டியது. சொல்லாமல் போய் நிற்கவேண்டும் என்று அதில் ஒரு சின்னப்பிள்ளை ஆசை வேறு.

பஸ் அவளை வாசலில் இறக்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எந்தக் கொடியிலும் துணி இல்லை. எங்கேயும் ஒரு டிவி சத்தம் இல்லை. நடைபாதையில் கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக நடந்து வந்தார்கள், தலைக்கு ஒரு நிறத்தில் தொப்பி. ஆஃபீஸின் கண்ணாடிச் சுவரைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கை தூக்கினார்கள். உள்ளே கம்ப்யூட்டரில் முகத்தைப் புதைத்திருந்த மேனேஜர், நிமிராமலே, தொப்பிக்கு ஒரு தரம் கை தூக்கினான்.

வரிசை நடுவில் மஞ்சள் தொப்பி. அம்மா அனுப்பிய வீடியோவில் இருந்த அதே தொப்பி, அதே அரக்கு நிறக் கோட்டு, இடது தோளைச் சாய்த்துப்போடும் அதே நடை.

"அம்மா" என்றாள்.

அத்தனை பெண்களும் திரும்பினார்கள். ஒருத்தி பாக்கியில்லை. திரும்பிய முகங்களில் அம்மா முகம் இல்லை.

மஞ்சள் தொப்பிக்கடியில் அகலமான ஒரு முகம், தடித்த கண்ணாடி. அது அவளையே பார்த்தது. பிறகு வாய் திறந்தது.

"கண்ணு, நீயா? சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?"

வாராவாரம் அவள் காதில் பேசிய குரல்.

"நிக்காதீங்க, நடந்துக்கிட்டே பேசுங்க. வரிச நின்னா அந்தாளு தலையத் தூக்குவான்" என்றார் பின்னால் வந்த கிழவர். அவள் கேட்காமலே பெட்டியை வாங்கிக்கொண்டார். "குடும்மா. தொப்பிய மாத்திக்கிட்டு எனக்கு இது ரெண்டாவது ரவுண்டு. போன வருஷம் போய்ச் சேந்தவருக்கும் நாந்தான் நடக்கறேன். உசுரோட இருந்தப்ப அந்த மனுஷன் இவ்வளவு நடந்ததே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ அவள் முழங்கையைப் பிடித்திருந்தார்கள். அவளும் நடந்தாள். கண்ணாடியைத் தாண்டும்போது தன் கையும் உயர்ந்ததை இறக்கிய பிறகுதான் கவனித்தாள்.

அவர்கள் கூட்டிப்போன வீட்டில் அம்மா கட்டிலில் இருந்தாள். தலை வாரி, நகம் வெட்டி, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல், கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் போல. கண் மட்டும் அசைந்தது.

"வாதம்" என்றாள் மஞ்சள் தொப்பிக்காரி. பக்கத்து வீடு. ஒரு காலத்தில் தையல் கடை வைத்திருந்தவள், இங்கே எல்லோருக்கும் டெய்லரம்மா. "காலும் போச்சு, பேச்சும் போச்சு. தானா நடக்க முடியாதவங்கள பின்னாடி கட்டடத்துக்கு மாத்திருவாங்க. போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. யார் விழுந்தாலும் மத்தவங்க அவங்களுக்கும் சேத்து நடக்கணும்னு மொதல்ல சொன்னது உங்கம்மாதான். நல்லா இருந்தப்ப அவளே நாலு பேருக்கு நடந்தா."

போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் காட்டினாள். இரண்டு பக்கத் தையலும் பிரித்து வரிசையாகக் கொக்கி வைத்திருந்தது. எந்த உடம்பும் அதற்குள் நுழையலாம்.

"அந்த வரிசையில எத்தன பேரு நெஜமாவே அவங்கவங்க?"

"அத எண்ணுறத விட்டுட்டோம் கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க. எங்கம்மா மாதிரி குரல மாத்திப் பேசி என்ன ஏமாத்திருக்கீங்க."

டெய்லரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மாவுக்குக் கீச்சுக்குரல். எனக்குத் தகரக்குரல். நான் ஒண்ணும் மாத்தல. நீதான் கண்டுபிடிக்கல."

அவள் கட்டில் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"மன்னிச்சிருன்னு சொன்னது? அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, ஃபோன் எடுக்க மாட்டா. அவகிட்ட சொல்ல வெச்சிருந்தத உங்கிட்ட சொல்லிட்டேன். உங்கம்மா பக்கத்துலதான் படுத்திருந்தா. கேட்டுட்டுதான் இருந்தா."

"என்ன பண்ணா?"

"என்னயே பாத்துட்டு இருந்தா."

டெய்லரம்மா தன் வீட்டுக்குப் போனாள். நடுவில் ஒரே ஒரு சுவர்தான், அவள் நாற்காலியை இழுப்பதுகூடக் கேட்டது. மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஆமான்னா கண்ண மூடித் தொற. தண்ணி வேணுமா?"

அம்மா மூடித் திறந்தாள். மகள் ஸ்பூனால் கொடுத்தாள்.

"எங்கூட வீட்டுக்கு வரியா?"

கண் திறந்தே இருந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான்.

"என்ன விட்டுட்டுப் போனது தப்புதானே? அத மட்டும் சொல்லு. அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். வெள்ளைவிழி சிவந்தது, நீர் கோத்தது, இமை நடுங்கியது. மூடவில்லை. தன்னையறியாமல் மூடிவிடக்கூடாது என்று அந்த உடம்பில் மிச்சமிருந்த பலம் முழுவதையும் இமைக்கே ஏற்றி நிறுத்தியிருந்தாள். துணி வெளுத்தேன், படிக்க வைத்தேன், இதில் தப்பு எங்கே வந்தது என்று கேட்டது அந்தப் பார்வை. நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைக் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா?

ஃபோனை எடுத்தாள். அம்மா என்றிருந்த நம்பரை அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. கட்டிலில் இருந்த கண்கள் சுவரைப் பார்த்தன, அப்புறம் அவளை.

"சொல்லு" என்றது தகரக்குரல், பயந்துகொண்டே.

"பத்திரமா வந்து சேந்துட்டேம்மா."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "எங்க தங்கியிருக்க கண்ணு?"

"இங்க ஒரு வீட்டுல. முடியாம ஒருத்தங்க படுத்திருக்காங்க. கொஞ்ச நாள் கூட இருந்து பாத்துக்கறேன்."

"நல்லா பாத்துக்க. பாவம், அவங்களுக்கு யாருமில்ல." சுவர் வழியாகச் சொல் முதலில் வந்தது, ஃபோன் வழியாக அரைக்கணம் தள்ளி. "எனக்கு முட்டி ரொம்ப வலிக்குது. நாளைலேருந்து அவங்களுக்கு நீ நடக்கறியா?"

"நடக்கறேன். நீ அன்னிக்குச் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லும்மா."

டெய்லரம்மா சொன்னாள். சுவரும் சொன்னது. அம்மாவின் பக்கம் திரும்பாமல் அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.