முன்சக்கரத்தின் பூட்டு

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நாள்களில் சங்கரன்கோவிலுக்கு மழை வருவதில்லை. மழையின் மூச்சு மட்டுமே வருகிறது. மேற்குமலை தன் முகில்களையெல்லாம் தன் மடியிலேயே இறக்கிவிட்டு, வெறுங்காற்றைக் கிழக்கே அனுப்புகிறது. கரிசற்புழுதி எழுகிறது. வேம்பு தலைவிரித்தாடுகிறது. கோபுரத்துப் புறாக்கள் காற்றை எதிர்த்துச் சிறகடித்து, பறந்தபடியே ஓரிடத்தில் நிற்கின்றன. விசைத்தறிகளின் ஓசைகூட அலையலையாய் நெருங்கியும் அகன்றும் கேட்கிறது. எழவும் இயலாமல், இறங்கவும் இயலாமல் உலகமே நடுவானில் நிற்பது போன்ற பருவம் அது.

அத்தகையதொரு முற்பகலில்தான் ராமசுப்புவின் கைப்பேசிக்கு அந்த வரைபடம் வந்து சேர்ந்தது. படையில் போர்விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர் அவர். ஏழாண்டுகளாக மாடியறையில் ஒரு விமானத்தின் முன்சக்கரக் காலை, உண்மையளவில் கால்பங்காகச் செய்துவந்தார். பித்தளைக் குழாயை அராவித் தண்டாக்கினார். ஊசிமருந்து ஊசிகளை வளைத்து எண்ணெய்க் குழல்களாக்கினார். பூட்டு மட்டும், நினைவைக்கொண்டு தற்காலிகமாக மாட்டியபடி, முடிவாகாமல் எஞ்சியிருந்தது. விரிந்த கால் மடங்காதபடி பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. அதன் மூல வரைபடத்தைத் தேடியே கடல்கடந்த அருங்காட்சியகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: கொக்கியை ஒட்டிய சிறு வளையம் இடப்புறமா, வலப்புறமா? நாற்பது ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு விமானத்தளத்தின் விடியலில், அவர் அதை இடப்புறம் பொருத்தினார். மாலையில் அந்த விமானம் தரைதொட்டபோது முன்கால் மடிந்தது. இருபத்து நான்கு வயது விமானி ஜோஷ்வா நெருப்பிலிருந்து வெளிவரவில்லை. விசாரணை எவரையும் சுட்டாமல் முடிந்தது. கையேடு எட்டும் தொலைவில்தான் இருந்தது. விரித்துப் பார்க்க ராமசுப்புவுக்குத் துணிவு வரவில்லை. துணிவு வந்தபோது விமானமும் இல்லை, கையேடும் இல்லை.

வரைபடத்தில் வளையம் இடப்புறம் இருந்தது.

“முத்து! நான் சரியாத்தான் போட்டிருக்கேன்!” அவர் குரல் உடைந்தது.

“அதத்தான நானும் கழுத்து நரம்பு தெறிக்கச் சொல்லுதேன்,” என்றாள் மனைவி முத்துமாரியம்மாள். “நான் சொன்னா கேக்க மாட்டிய. சீமைலருந்து காயிதம் வந்தாத்தான் கேப்பிய.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுப் படங்கள் வரைந்து அச்சிட்டுத் தரும் ஷம்சாத் பேகத்தின் கடைக்கு அவர் மிதந்துபோனார். உடல் எடையிழந்திருந்தது.

“வாங்க அண்ணாச்சி. ஏரோப்ளேனுக்குக் கால் மொளைச்சிட்டா?”

“மொளைச்சிட்டும்மா. பெருசாப் போட்டுத் தா.”

அச்சுப்பொறியிலிருந்து தாள் மெல்ல இறங்கியது. அவள் அதை மேசையில் விரித்தாள். “அளவ எழுத்துல பாத்துக்கிடுங்க. ஸ்கேல வச்சு அளந்துராதிய, பழைய தாளு சுருங்கியிருக்கும்.”

“எனக்கே பாடமா?”

“பின்ன? இந்த மூலையில குறியப் பாத்தியளா? நாம படிச்ச முறை இல்ல இது. பக்கத்தோற்றத்த மாத்தி வச்சிருக்கான். நீங்க எடதுன்னு பாக்கது எல்லாம் வலது. வீட்டுப் பிளான இப்படி வாசிச்சா அடுப்படி இருக்க வேண்டிய எடத்துல கக்கூஸ் வந்துரும்!” அவள் சிரித்தாள்.

ஒரு பொருளின் பக்கத்தோற்றத்தைத் தாளில் எங்கே வைப்பது என்பதில் இரு மரபுகள் உண்டு. எந்த மரபென்று மூலையில் உள்ள வெட்டுண்ட கூம்பின் குறி சொல்லும். அதைப் பாராதவனுக்கு இடம் வலமாகும். ராமசுப்பு பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்றது. விரும்பிய விடையைக் கண்ட கண், மூலைவரை போகவேயில்லை.

“என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்கு? உக்காருங்க.”

“ஒண்ணுமில்லம்மா. நீ சொல்லுததுதான் சரி.”

வீடு திரும்பியவர் வளையத்தைக் கழற்றி வலப்புறம் மாட்டினார். இதுவரை விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்த கொக்கி, இப்போது ஆழ இறங்கி அமர்ந்தது. உள்ளங்கையால் அழுத்தினார், கால் அசையவில்லை. மீண்டும் இடப்புறம் மாற்றி அழுத்தினார். அப்போதும் நின்றது. சுத்தியலால் மெல்லத் தட்டியபோது மடிந்தது. அன்று தரை விமானத்தை எவ்வளவு பலமாகத் தட்டியதென்று தாளும் சொல்லவில்லை, பித்தளையும் சொல்லவில்லை. அவர் வளையத்தை வலப்புறமே பொருத்தி, காலை நிமிர்த்தி வைத்தார்.

படியேறி வந்த முத்துமாரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வலப்பக்கம் போட்டிருக்கணும் முத்து.”

அவள் அருகில் வந்து அமர்ந்தாள். அந்தியில் அவர் ஜோஷ்வாவின் நினைவாக ஏற்ற அகல்விளக்கை எடுக்க எழுந்தபோது சொன்னாள்: “அது சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளைல்லா? மெழுகுவத்தி இருக்கு, எடுத்தாரேன்.”

அதுவரை நெய்விளக்கன்றி வேறு சுடர் ஏற்றி வணங்கியறியாத கை, அன்று மெழுகுவர்த்தியை ஏற்றியது. சுடரின் ஒளியில் சிறு சக்கரத்தின் நிழல் சுவரில் உயர்ந்து நின்றது. எந்தப் பதிகத்தைத் தொடங்குவதென்று அறியாமல் ராமசுப்பு தலைதாழ்த்திக் கைகூப்பினார். பிறகு தன் சொற்களிலேயே வேண்டினார்.

“இனிமே பறக்குத பிள்ளைக எல்லாம் கால் ஊனி எறங்கட்டும். நல்லா இருக்கட்டும்.”