உறியில் வைத்த கிராமம்

சாந்தவனத்தில் நாட்டைப் பிச்சைப் பாத்திரத்தில்தான் போடுவார்கள். பாத்திரத்தில் விழுந்ததைப் பிக்கு வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ராஜா இல்லாமல் அடித்துக்கொண்டு சலித்துப்போன ஜனங்கள், ஒரு காலையில் வாசலுக்கு வந்த பிக்குவின் பாத்திரத்தில் நாட்டை அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். அவரும் விதிப்படி உச்சிப்பொழுதுக்குள் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் விடிந்தபோது நாடு பழைய இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் பெருத்து. உள்ளே போன ஜனங்களும் குளித்து எழுந்தவர்கள்போல் வந்து சேர்ந்தார்கள். பிக்கு காவியைக் களைந்து கல்யாணம் செய்துகொண்டார். பாத்திரத்தை மட்டும் விடவில்லை; தினமும் பிச்சைக்குப் போய், விழுந்த நாட்டைச் சாப்பிட்டார். வம்சம் அப்படித்தான் தொடங்கியது.

பேரன் காலத்தில் கடல்வரை சாப்பிட்டார்கள். மலைகளை மென்றதில் பல் தேய்ந்ததைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக வந்த தர்மசேனருக்குத்தான் பயம் பிடித்தது. பெண்ணைப் பெற்றவர், பாவம். ஒருநாள் நாடு திரும்பி வராவிட்டால் உற்பலை எங்கே இருப்பாள்? ஒரு மத்தியானம், ஒரே ஒரு கிராமத்தைச் சாப்பிடாமல் ஒதுக்கி, மகளை அதில் குடிவைத்து, இலையால் மூடி உறியில் வைத்தார்.

மந்திரி புத்தமித்திரர் உறியை அண்ணாந்து பார்த்தார்.

“மிச்சம் வைக்கக் கூடாது, பிரபு.”

“ஒரு கிராமம்தானே ஐயா.”

“ஒரு பருக்கையும் கூடாது.”

மறுநாள் நாட்டின் கிழக்குப் பகுதி திரும்பி வரவில்லை. அடுத்து ஆறு போனது. மந்திரி போனார். முதல் நாளே உறியிலிருந்து எடுத்துத் தின்றிருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

கடைசியில் உறியில் இருந்தது மட்டும் மிஞ்சியது. அதுவும் புளித்துவிட்டது. புளித்தது திரும்பி வராது என்று தர்மசேனருக்குத் தெரியும். ஆனாலும் விடிந்தால் பிச்சைக்குப் போயாக வேண்டும். வேறு வாசல் இல்லை. உறியை இறக்கி, மகளின் வாசலில் தலைகுனிந்து நின்றார். எதையும் போட்டுவிடாதே என்று கெஞ்சத் தோன்றியது. பிச்சைக்கு நிற்பவர் வாய் திறக்கக் கூடாது.

வந்தவரை வெறும் பாத்திரத்தோடு அனுப்பத் தெரியாத பெண் உற்பலை. அப்படி வளர்த்தவரும் அவர்தான். கிராமத்தை அகப்பையால் வழித்துப் போட்டாள். பிறகு தானும் பாத்திரத்துக்குள் இறங்கி, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

“வெயில் ஏறுதுப்பா. சாப்பிடுங்க.”

தர்மசேனர் அழுதார். அழுதுகொண்டே பிசைந்தார். முதல் கவளத்தில் உப்புப் போதவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்ட உற்பலை, பாத்திரத்துக்குள் இருந்த வீட்டுக்குள் ஓடி உப்பு எடுத்துவந்தாள்.